மடிக்காமல் வெட்டிய சட்டை

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுக்காதே, பரவாயில்லை. விடாமல் அடித்துக்கொண்டிருந்தது என் தப்புதான். "எழுதினா படிப்பேன், பதில் போடுவேனாங்கறது வேற"ன்னு உன் அண்ணியிடம் சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. சிவப்பு மையில் திருத்தி அனுப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

சித்தி மகள் கல்யாணத்தில் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கைப்பையை வலது தோளில் மாட்டியிருந்தாய். அது நழுவி நழுவி விழ, நீ தூக்கித் தூக்கி விட்டாய். காலரை இழுத்துவிட்டாய். சட்டை ஒரு பக்கம் சரிந்து பொத்தான் வரிசை கோணலாகப் போயிருந்தது. பக்கத்தில் வரலாமென்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கடைச் சட்டையெல்லாம் இரண்டு தோளும் ஒன்றுபோல இருப்பவர்களுக்குத் தைத்தது. உனக்கு அப்படி இல்லாமல் போனதற்கு நான் காரணம். மழையில் அந்த பஸ்ஸை முந்த வண்டியை முறுக்காமல் இருந்திருந்தால் உன் காறை எலும்பு முறிந்திருக்காது, கோணலாகக் கூடியும் இருக்காது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதுவும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அதனால் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. அறை முழுக்கப் பெண்கள், நான் ஒருத்தன் மட்டும் மீசையோடு. மிஷினில் தைப்பது அப்புறம்தான். அளவை வைத்துப் பேப்பரில் வரைந்து வெட்டுவதுதான் முதல் பாடம். பட்டறையில் ஏசி காற்றுக் குழாய்க்குத் தகரத்தில் வரைந்து, வெட்டி, மடக்குகிறவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் சட்டையை உன் அண்ணிக்கு வெட்டினேன். தகரத்துக்கு வெட்டுகிற மாதிரியே, உடம்பளவுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல். போட்டுக்கொண்டு கையை இறக்க முடியாமல் பொம்மை மாதிரி நின்றாள். "ஏங்க, நான் மூச்சு விட வேணாமா?" என்றாள். வகுப்பு டீச்சரம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உடம்பு அசையும் தம்பி. அசையறதுக்கு இடம் விட்டு வரையணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உனக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். முழுக்கை, காலர் வைத்தது, நீ பள்ளிக்குப் போட்டுப் போகிற மாதிரி. அளவுத் தாள் இதோடு வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு.

ஒரு சட்டையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்துவிடு. எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று தெரியும், இருந்தாலும் மன்னித்துவிடு.

உன் அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

வாலு என்று கூப்பிடாதே. மரத்தில் தொங்கி, மதிலில் ஏறிக் குதித்தவளுக்கு வைத்த பேர் அது. எனக்கு இப்போது கொடியில் துணி போடவே கை எழும்புவதில்லை.

கடைசிப் பாராவில் இரண்டு மன்னிப்பு. கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணாமல் இருக்க முடியாது. இனிமேல் அந்த வார்த்தையை எழுதினால் கடிதத்தை மேற்கொண்டு படிக்க மாட்டேன்.

நான் போனை எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லை. எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் "சரி, விடு" என்று சொல்லித் தொலைப்பேன். சொல்லிவிட்டால் உனக்கு நிம்மதி. எனக்கு? பின்னால் உட்கார்ந்து "மெதுவா போ, மெதுவா போ"ன்னு உன் முதுகில் தட்டியது நான். காது கேட்காதவன் மாதிரி ஓட்டியது நீ.

நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பள்ளி ஆபீஸில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை. கணக்கு டீச்சர் என்றால் பாதி நேரம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுத வேண்டும். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய வாரம், எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் கிசுகிசுவென்று சிரிப்பு. திரும்பினேன். ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி தோளை ஒரு பக்கம் இறக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காற்றில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே செய்தாள். அன்றைக்கே தலைமையாசிரியையிடம் போய் ஆபீஸ் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பள்ளி திறக்கும்போது வகுப்புக்குத் திரும்புகிறாயா என்று அவர் கேட்டிருக்கிறார். மே மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் வகுப்பு வேறொருத்தருக்குப் போய்விடும், எனக்கு இந்த மேஜையே நிரந்தரம். முடியாது என்று சொல்வதாகத்தான் இருக்கிறேன்.

அளவு கேட்டாய். எழுதியிருக்கிறேன். என்ன தைத்துக் கிழிக்கிறாய், பார்க்கலாம்.

உன் தங்கை


ஏப்ரல் 7

அன்புள்ள தங்கைக்கு,

பதில் போட்டாயே, அதுவே பெரிது. அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

பார்சலில் இருப்பது காடாத் துணியில் தைத்த மாதிரிச் சட்டை. போட்டுப் பார்த்துச் சொன்னால், அப்புறம்தான் நல்ல துணியில் கை வைப்பேன். அளவுத் தாள் வந்த அன்றே பிரவுன் பேப்பரை விரித்துவிட்டேன். சட்டையை முழுதாக வரைய வேண்டியதில்லையாம். பாதி உடம்பை வரைந்தால் போதும், துணியை இரண்டாக மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். மனுஷ உடம்பு அவ்வளவு ஒழுங்கு என்று டீச்சரம்மா சொன்னார்.

நீ இரண்டு தோளுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தத் தடவை அசைவதற்கு இடம் விட்டிருக்கிறேன். வகுப்புக்குப் போக மாட்டேன் என்று முடிவு எடுத்துவிடாதே. சட்டையைப் பார்த்த பிறகு சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன்.

காலர் கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. வலது அக்குளுக்குக் கீழே துணி மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறது. பொத்தான் வரிசை தொப்புளை விட்டு விலகி எங்கேயோ போகிறது. கடையில் வாங்கியதே தேவலை. வீட்டுக்கார அம்மாவிடம் "எங்க அண்ணன் தைச்சது"ன்னு காட்டினேன். பாவம், எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தேடிப் பார்த்துவிட்டு, "நூல் நல்ல நூலும்மா" என்றார்.

கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். உன் கைவேலை இரண்டையும் பார்த்தேன். ஒன்று தோள், ஒன்று சட்டை.

உன் தங்கை


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியை அண்ணி படித்துவிடக் கூடாதென்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தகரம் வெட்டும்போது குனிந்தால் மடிப்பு நெஞ்சில் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேப்பரையும் உன் அளவையும் திரும்பத் திரும்ப ஒத்துப் பார்த்தேன். பிசகே இல்லை. டீச்சரம்மாவிடம் கொண்டுபோனேன். "இந்த அளவுக்கு இந்தச் சட்டைதான் வரும்" என்றார். உன் தோள் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ரெண்டு பக்கமும் எப்படி தம்பி ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நீ தப்பாக எழுதியிருப்பாய் என்று நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும். நான் தொட்டது எதுவும் உனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

தையல் வகுப்பை நிறுத்திவிட்டேன். கத்தரியை அண்ணி எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

டீச்சரம்மா ஒரு வழி சொன்னார். வலது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தூக்கிக் கொடுத்தால் இரண்டும் சமமாகத் தெரியுமாம், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாதாம். நல்ல தையல்காரராகப் பார்த்து அப்படித் தைக்கச் சொல். வகுப்புக்கு மட்டும் திரும்பிப் போ. என்னால் உன் பலகையும் போச்சு என்று ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன்.

உன் அண்ணன்


மே 7

அண்ணா,

உன் கடிதம் வந்தது. உடனே எழுதாவிட்டால் அப்புறம் எனக்குத் தைரியம் வராது.

நீ வரைந்ததில் தப்பே இல்லை. நான் கொடுத்த அளவு பொய். விபத்துக்கு முன்னால் தையல்காரர் எழுதிக்கொடுத்த பழைய ரசீது ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பினேன். டேப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தத் தோளை யாரும் தொட்டு அளக்க நான் விட்டதில்லை. குளிக்கும்போது நானே பார்க்காமல் சோப்புப் போடுகிறேன்.

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். சட்டை கோணிப் போகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். கோணிப் போன சட்டையைப் போட்டுக்கொண்டு உன்னைத் திட்ட எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் கடைசி வரியை, சட்டை வருவதற்கு முன்னாலேயே மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன், நம்புவாயா? நீ எனக்குக் கடன்பட்டவனாகவே இருக்க வேண்டும், ஒருநாளும் தலை நிமிரக் கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது. ஆபீஸில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று யார் கேட்டாலும், நானே என்னைக் கேட்டுக்கொண்டாலும், பதில் தயாராக இருந்தது. எங்க அண்ணன்.

உன் கத்தரி பரண்மேல் போய்விட்டது என்று படித்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒரு மனுஷன் மீசையோடு போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை, உட்கார்ந்த இடத்திலிருந்து கெடுத்துவிட்டேன்.

தோளை என்னால் நானே அளக்க முடியாது. வலது கை பின்னால் போகாது, இடது கைக்கு எட்டாது. அதனால் உன் காடாச் சட்டையையே திருப்பி அனுப்புகிறேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரியைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, போட்டுக்கொண்டு நின்றேன். எங்கெல்லாம் துணி தொங்குகிறதோ, எங்கெல்லாம் இழுக்கிறதோ அங்கெல்லாம் பிடித்து ஊக்குக் குத்தியிருக்கிறாள். "வலிக்குதா, வலிக்குதா?"ன்னு கேட்டுக்கொண்டே குத்தினாள். ஊக்கு என் மேல் படவே இல்லை, ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பஞ்சு வேண்டாம். இறங்கின தோளுக்கு இறங்கின சட்டை தை.

மே முடிய இன்னும் நாள் இருக்கிறது. தலைமையாசிரியையிடம் எதுவும் சொல்லவில்லை.

உன் தங்கை


மே 17

அன்புள்ள தங்கைக்கு,

பார்சலைப் பட்டறையிலேயே பிரித்தேன். ஊக்கோடு மேஜைமேல் விரித்ததும் பக்கத்தில் நின்ற வெல்டர் "என்னண்ணே, யாருடைய சட்டை?" என்றான். என் தங்கச்சியுடையது என்றேன்.

நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியிருக்கிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று பார்த்தபோது, அது நிஜமாக இருக்காது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அண்ணிக்கும் தெரியும். இருந்தும் நம்பினேன். நம்பினால் எனக்குச் சுமை குறையும். உன் பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவன் நான்.

கத்தரி பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஊக்குக் குத்திய இடமெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, எவ்வளவு துணி பிடிபட்டிருக்கிறது என்று அளந்தேன். கல்யாணத்தில்கூட உன் தோளை நேராகப் பார்க்காதவன், இப்போதுதான் பார்த்தேன், அதுவும் நீ இல்லாத சட்டையில். எலும்பு இவ்வளவு இறங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை.

இந்தத் தடவை பாதி வரையவில்லை. முழு உடம்பையும் வரைந்தேன். வலதுக்கு ஒரு பேப்பர், இடதுக்கு ஒரு பேப்பர், முதுகுக்கு முழுசாக ஒன்று. ஒவ்வொன்றிலும் பக்கத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். துணியை மடிக்காமல், ஒற்றையாக விரித்து வெட்டினேன். உனக்குப் பிடித்த நீலத்தில் நல்ல துணியாக அண்ணி போய் எடுத்து வந்தாள். காடாவில் மறுபடி தைத்துப் பார்க்க நேரமில்லை, மே முடிந்துவிடும். நேராக நல்ல துணியிலேயே தைத்து அனுப்பியிருக்கிறேன்.

இந்தத் தடவை எங்கேயும் தடங்கல் வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் அண்ணன்


மே 22

மட அண்ணா,

சட்டையைப் போட்டேன். இடது தோள் இறங்கி இருக்கிறது! வலது தோள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. என் நல்ல தோள்மேல் துணி இறுகிப் பிடிக்க, கெட்ட தோள்மேல் கூடாரம் அடித்துக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே ஒரு பக்கம்தான் கோணல், உன் புண்ணியத்தில் இப்போது இரண்டு பக்கமும்.

பக்கத்து மேஜைக்காரி பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்தோம், அண்ணா. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து. எலும்பு வலித்தது, நிறுத்த முடியவில்லை. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து "என்னம்மா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விபத்துக்கு அப்புறம் என் தோளைப் பற்றி ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசியதே இல்லை. அன்றைக்குத்தான் பேசினோம்.

உன் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். காடாச் சட்டையை மேஜையில் மல்லாக்க வைத்துக்கொண்டு, உன் இடக்கைப் பக்கம் இருந்ததற்கு "இடது" என்று எழுதியிருப்பாய். இல்லையா? ஆஸ்பத்திரியிலும் நீ கட்டிலுக்கு எதிரில் சுவரோரமாகத்தான் நின்றாய். ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை. உன் கண்ணுக்கு என் அடிபட்ட தோள் இன்னும் இடப்பக்கம்தான். பிள்ளைகள் என்னை எங்கிருந்து பார்ப்பார்கள் என்று யோசி. முதுகுப் பக்கமிருந்து. எனக்குப் பின்னால் வந்து நின்றால்தான் உனக்கு வலது வலதாகத் தெரியும்.

அதனால் வா. டேப், சாக்கட்டி, ஊக்கு எல்லாம் கொண்டு வா. நான் நிற்கிறேன், நீ அளந்துகொள். அழக் கூடாது. அழுதால் சாக்கட்டிக் கோடு கலைந்துவிடும்.

வகுப்பு விஷயம் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். சட்டை வந்தாலும் வராவிட்டாலும் வருகிறேன் என்று. சொல்லிவிட்டு வெளியே வந்ததும் கை தானாகக் காலரை இழுத்துவிட்டது. அதனால் சட்டை வந்தால் நல்லது.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

சட்டை இதோடு வருகிறது. அதே நீலம். கடையில் அந்தத் துணியில் கடைசியாக மிஞ்சியிருந்தது இவ்வளவுதான். வெட்டும்போது அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உன் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நினைவெல்லாம் ஒன்றுதான். நீ முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் நின்று, "பலகைன்னு நெனச்சுக்கோ"ன்னு சொல்லிக் கையைத் தூக்கினாய். காதுக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிட்டது. "இவ்வளவுதான் வரும்" என்றாய், கடைக்காரர் சரக்கு இவ்வளவுதான் இருக்கு என்று சொல்வது போல. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அழவில்லை. நீ திரும்பிப் பார்த்துச் சோதித்தாயே, பார்த்தாய் அல்லவா?

சட்டையில் அக்குள் வளைவைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாக எழும்பும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். தலைகீழ். பெரிதாக வெட்டினால் கையோடு சட்டை முழுசும் மேலே ஏறும். உடம்போடு ஒட்டி மேலே வெட்டி, கைத்துணியை அகலமாக விட வேண்டுமாம். டீச்சரம்மா நான் கூப்பிட்டு வீட்டுக்கே வந்து பக்கத்தில் நின்று பார்த்தார், கத்தரியை மட்டும் தொடவே இல்லை. உன் கை எங்கே நின்றதோ அது வரைக்கும் கணக்குப் பண்ணிச் சட்டைக்குக் கை வைத்திருக்கிறேன். அதற்குமேல் போகாது. அதற்குமேல் உனக்குப் போகாததற்கு நான்தான் காரணம் என்பதைத் துணியை வெட்டும்போது மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

பள்ளி திறக்கும் அன்று எனக்கு வேலை ஓடாது.

உன் அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

இன்றைக்குப் பள்ளி திறந்தது. நேராக விஷயத்துக்கு வருகிறேன், நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

வகுப்பு வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். கைப்பையை எடுத்து வலது தோளில் மாட்டப் போனேன். அப்புறம் வேண்டாமென்று கையிலேயே பிடித்துக்கொண்டேன். உள்ளே போய், வணக்கம் சொல்லி முடித்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் எழுத ஆரம்பித்தேன். மேல் வரி எட்டவில்லை. நடுவிலிருந்து எழுதினேன். கை போன இடம் வரைக்கும் சட்டை கூடவே வந்தது, இழுக்கவில்லை, ஏறவில்லை. பாதிக் கணக்கு போட்ட பிறகுதான், நான் காலரைத் தொடவே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ரெட்டை ஜடைக்காரி இப்போது ஒற்றை ஜடைக்காரி, இரண்டாவது பெஞ்சு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்ததும் பலகையை அழிக்க வந்தாள். மேலே எட்டாத இடத்தையும் எம்பி எம்பி அழித்தாள், நான் எழுதாத இடம் அது. போகும்போது "டீச்சர், சட்டை எங்க வாங்குனீங்க?" என்றாள். அவள் முகத்தில் இருந்ததை நான் உன் முகத்தில் பார்த்திருக்கிறேன், டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு. "எங்க அண்ணன் தைச்சது" என்றேன். முன்பு ஒருமுறை இதே வார்த்தையை வீட்டுக்கார அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்பது அப்போது ஞாபகம் வந்து, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்கு நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உன்னை எழுதக் கூடாது என்று தடுத்த அதே வார்த்தை. எழுத வரவில்லை, நேரில்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

என் அளவுக்கு வரைந்த பேப்பரைப் பத்திரமாக வை. வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, ஒரு சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. உடனே எடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் தவிக்க விட்டுத்தான் எடுப்பேன். நீ வைத்துவிடாதே.

வாலு